டிஃபரன்ஷல் ஒயிலில் தண்ணீர் இறங்கினால்

மலைநாட்டில் ஓடும் ஃபோர் வீல் வாகனங்களின் டிஃபரன்ஷல் (அக்சல் நடுவில் இருந்து சில்லுகளைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டி) பிளக்கைக் கழற்றினால் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வடிவது கராஜ்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. புது ஒயில் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். அடுத்த மழைக்காலம் முடிய வண்டி அதே நிறத்தோடு திரும்பி வரும். கெட்ட ஒயிலுக்கு வைத்தியம் நடக்கிறது, தண்ணீர் வந்த வழியோ திறந்தே கிடக்கிறது. அந்த வழியை அடைக்காமல் எத்தனை போத்தல் ஊற்றினாலும் காசுக்குத்தான் கேடு.

தண்ணீர் உள்ளே போகும் விதம்

ஆழமான ஆற்றில் இறக்கினால்தான் தண்ணீர் புகும் என்று பலர் நினைக்கிறார்கள். அக்சல் மூழ்கும் அளவுக்கு ஓடையில் தண்ணீர் இருந்தாலே போதும், அக்சல் சூடாக இருந்தால். ரம்பொடை ஏற்றத்தையோ கினிகத்தேனை ஏற்றத்தையோ பாரத்தோடு ஏறி வந்த வண்டியின் டிஃபரன்ஷலில் கை வைக்க முடியாது. உள்ளே இருக்கும் காற்று 80 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டியைச் சப்பாத்துப் பாலத்தின் மேல் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் காற்று 20 பாகை வரை இறங்கும், சுமார் 17 வீதம் சுருங்கும். ஹவுசிங்கில் 3 லீற்றர் காற்று இருந்தால் அரை லீற்றர் இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்ப ஏதாவது உள்ளே வந்தே ஆக வேண்டும். பிரீதர் (அக்சல் மூச்சுவிடும் சின்னக் காற்றுத்துளை) வழியாகக் காற்று வந்தால் ஒரு கேடும் இல்லை. பிரீதர் சேறு பிடித்து அடைபட்டிருந்தால் சீல்களின் (தண்டுகளைச் சுற்றி ஒயிலை அடைக்கும் வளையங்களின்) ஓரத்தால் தண்ணீர் உறிஞ்சப்படும். நுவரெலியா உயரத்தில் அந்த 17 வீதம் என்பது கிட்டத்தட்ட 1.4 மீற்றர் ஆழத் தண்ணீரின் அழுத்தம். முழங்கால் அளவு ஓடையில் நிற்கும் வண்டியின் சீல், நெஞ்சளவு ஆற்றில் நிற்பதுபோல அவதிப்படுகிறது.

ஒயில் சீலின் பிரதான உதடு உள்ளே இருக்கும் ஒயிலைத் தடுக்கவே செய்யப்பட்டது. வெளிப்பக்கம் பார்த்த சின்ன உதடு தூசிக்கும் சேற்றுக்கும் மட்டும்தான். உள்ளே வெற்றிடம் உண்டானால் பிரதான உதடு தண்டிலிருந்து தளர்ந்து தண்ணீருக்கு வழிவிடும். சீல் புதிதாக இருந்தாலும் இதில் பெரிய மாற்றமில்லை. பல வண்டிகளில் கம்பனி போட்டிருக்கும் மூடி வகைப் பிரீதர் காற்றை வெளியே விடும், உள்ளே வரவிடாது. அது சுத்தமாக இருந்தாலும் இதே கதைதான்.

உயரமும் சும்மா இருக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து ஹட்டன் வழியாக அவிசாவளைக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. அடைபட்ட பிரீதரோடு மழையில் இறங்கும் வண்டியின் அக்சல், ஆற்றையே காணாமல் ரோட்டுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளலாம். ஏறும்போது நடப்பது நேரெதிர். உள்ளழுத்தம் கூடி பினியன் சீல் (புரொப்பெல்லர் தண்டு டிஃபரன்ஷலில் சேரும் இடத்துச் சீல்) ஓரத்தால் ஒயில் கசியும். ஏற்றம் ஏறி வந்ததும் பினியன் மூக்கு நனைந்திருந்தால் சீலைக் குறை சொல்லாமல் முதலில் பிரீதரைப் பாருங்கள். நல்ல சீலை மாற்றிக் காசை விட்டவர்கள் நிறைய.

எல்லாவற்றிலும் மோசமானது ஆற்றில் வண்டி கழுவுவது. சூட்டோடு வந்து, நடு ஓடையில் நிறுத்தி, ஆறுதலாகத் தேய்த்துக் கழுவுகிறோம். அக்சல் முழுதாகக் குளிரும்வரை தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும் ஆழமான ஆற்றை விட அரை மணி நேரம் நின்ற ஓடை அதிகத் தண்ணீரை ஏற்றும். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் கன்னைப் பிரீதர் மேலும் சீல் ஓரங்களிலும் நேராகப் பிடிப்பது அடுத்த குற்றம்.

இருக்கிறதா என்று பார்ப்பது

வண்டியை இரவு முழுக்கச் சமதரையில் நிறுத்துங்கள். காலையில் அசைக்காமல், முதலில் நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றியதுமே ஒயில் வழிந்தால், கடைசியாக அளவாக ஊற்றியிருந்தும் இப்படி என்றால், உள்ளே ஏதோ கூடியிருக்கிறது. அது தண்ணீர்தான்.

அடுத்து வடிக்கும் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் இரண்டு சுற்றுத் தளர்த்தி, முதலில் வடிவதை வெறும் ஜேம் போத்தலில் பிடியுங்கள். புதிதாகப் புகுந்த, இன்னும் கலக்காத தண்ணீர் கனம் கூடியதால் அடியில் தங்கி முதலில் வரும். வண்டி ஓடிய பிறகு என்றால் பல்சக்கரங்கள் அடித்துக் கலக்கிய மங்கலான குழம்பு வரும். ஓடி நின்றவுடன் எடுத்த ஒயில் காற்றுக் குமிழியாலும் மங்கலாகத் தெரியும், பயந்துவிட வேண்டாம். போத்தலை இரண்டு மணி நேரம் வையுங்கள். காற்று மேலேறிப் போய்விடும், தண்ணீரால் வந்த மங்கல் தெளியாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு பழைய தகரத்தை நன்றாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு துளி ஒயில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரிந்து தெறிக்கும். இல்லாவிட்டால் அமைதியாகப் பரவி இலேசாகப் புகையும். வெளியில் வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுச் செய்ய வேண்டிய வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணீரையும் இது காட்டிக்கொடுக்கும்.

பிளக் நுனியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை இயல்பான தேய்மானம். மினுங்கும் செதில், ஊசி போன்ற துண்டு, துருநிற மண்டி இருந்தால் ஒயில் மாற்றம் மட்டும் போதாது. கூடவே சத்தத்தையும் கவனியுங்கள். எக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்சக்கரம், எப்போதும் ஒரே உறுமலாக இருந்தால் பெயாரிங் என்று பொதுவாகச் சொல்லலாம். மலைநாட்டு வண்டிகள் கியரில் பிடித்துப் பிடித்து இறங்குவதால் பல்லின் பின்முகமும் நிறையத் தேய்ந்திருக்கும். அதனால் இறக்கத்தில் எழும் சத்தத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

தண்ணீர் கண்டால் எவ்வளவு அவசரம்? ஓடுகிற வண்டியை விட நிற்கிற வண்டிக்குத்தான் அவசரம் அதிகம். தண்ணீர் அடியில் தங்கி, பெயாரிங் உருளைகளில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு துருக்கோடு விழும். கோடு விழுந்த பெயாரிங் பிறகு ஒயில் மாற்றினாலும் பிழைக்காது. கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் ஜீப் என்றால் அன்றைக்கே வடித்துவிடுங்கள்.

வடிப்பதற்கு முன்

இரண்டு விதமான நிலம் தேவை. அளவு பார்க்கவும் நிரப்பவும் உண்மையான சமதரை. கராஜ் பிட், எண்ணெய் செட், தோட்டத்தில் என்றால் கொழுந்து மடுவத்து முற்றம். அலசும்போது பக்கவாட்டுச் சரிவும் உதவும், அது நம் ஊரில் தேடிப் போக வேண்டிய பொருளல்ல.

பின் சில்லைத் தூக்குவதாக இருந்தால் பழைய டிஃபென்டர் போன்ற லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு (முன்பின் அக்சல்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொப்பெல்லர் தண்டில் இருக்கிறது. ஒரு பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கியதும் அந்தச் சில்லு டிஃபரன்ஷல் வழியாகச் சுழலும், பிரேக் பிடித்திருந்தும் வண்டி உருளும். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை, அக்சலுக்குக் கீழே ஸ்டேண்ட், இரண்டும் கட்டாயம். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

எந்த நிலையிலும் முதலில் தளர்த்த வேண்டியது நிரப்பும் பிளக். கீழே வடித்துவிட்டு மேலே கழற்ற முடியாமல் போனால் வண்டி ஒயில் இல்லாமல் அங்கேயே நிற்கும். பழைய டிஃபென்டர்களில் அரை அங்குலச் சதுரக் குழிப் பிளக் வரும், சொக்கட் செட்டின் அரை அங்குலக் கைப்பிடி நேராகப் பொருந்தும். டொயோட்டா பின் அக்சல்களில் பெரும்பாலும் 24 மில்லிமீற்றர் சொக்கட். குழிக்குள் இறுகிய சேற்றைக் கம்பித் தூரிகையால் சுரண்டிய பிறகே சாவியைப் போடுங்கள். சேற்றின் மேல் போட்டால் வழுக்கி மூலை உருண்டுவிடும்.

வடித்தலும் அலசலும்

கலக்காத தண்ணீர் என்றால் குளிராகவே வடிக்கலாம், அதுதான் நல்லது. குழம்பாகிவிட்டது என்றால் ஐந்தாறு கிலோமீற்றர் மெதுவாக ஓட்டி இளஞ்சூட்டில் வடியுங்கள். வடிந்து சொட்டு நின்றதும் பிளக்கைப் பூட்டிவிடும் பழக்கம் இந்த வேலைக்கு உதவாது. அக்சல் குழாய்களின் இரு முனைகளிலும் தண்ணீர் கலந்த ஒயில் தேங்கியிருக்கும். பிளக் திறந்தபடியே, தட்டை அடியில் வைத்து, இடப்பக்கச் சில்லை ஜெக்கால் உயர்த்தி அரை மணி நேரம், பிறகு வலப்பக்கம் அரை மணி நேரம் விடுங்கள். சரிவு கிடைத்தால் வண்டியைத் திருப்பி நிறுத்தியே இதைச் செய்யலாம். ‘எல்லாம் வடிந்துவிட்டது’ என்று நினைத்த அக்சலிலிருந்து இன்னும் ஒரு கோப்பை மண்டி வரும்.

அலசுவதற்கு மிகப் பாதுகாப்பான பொருள் அதே தரத்து மலிவான கியர் ஒயில்தான். அளவுக்கு நிரப்பி, பாரமில்லாமல் 10 முதல் 15 கிலோமீற்றர் ஓட்டி, சூடாக வடியுங்கள். ஜேம் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். மங்கல் இருந்தால் இன்னொரு தரம். இலேசான கலப்பு என்றால் ஒரு தரத்தில் தெளியும், நன்றாகக் குழம்பியதற்கு இரண்டு தரம் வேண்டும். தரத்தில் ஏமாறக்கூடாது. பெயரில்லாத கலனில் அளந்து விற்கும் பரல் ஒயிலை அலசலுக்குக்கூட வாங்காதீர்கள், அதிலேயே தண்ணீர் இருக்கலாம்.

டீசல் ஊற்றி அலசும் வழக்கமும் உண்டு. அது தவறில்லை, செய்யும் விதத்தில்தான் தவறு வருகிறது. இரண்டு சில்லையும் நிலத்திலிருந்து தூக்கி, ஒரு லீற்றர் டீசல் ஊற்றி, சில்லைக் கையால் முன்னும் பின்னும் நாற்பது ஐம்பது சுற்றுச் சுற்றி, வடித்து, இரவு முழுக்கப் பிளக்கைத் திறந்தே விட வேண்டும். மறுநாள் மலிவு ஒயிலில் ஒரு தரம் கட்டாயம் அலச வேண்டும். உள்ளே தங்கும் டீசல் புது ஒயிலின் கனத்தைக் குறைத்துவிடும். டீசலோடு ரோட்டில் ஓட்டுவது அறவே கூடாது. டிஃபரன்ஷலின் ஹைப்பொயிட் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கித்தான் கடிக்கின்றன, இடையில் கனமான ஒயில் படலம் இல்லாவிட்டால் சில கிலோமீற்றரில் பல் முகம் சிராய்ந்துவிடும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம், தீப்பற்றும்.

சாலிஸ்பரி வகைப் பின் அக்சலுக்குப் பின்மூடி உண்டு. அதைக் கழற்றித் துணியால் அடிமண்டியை வழித்தெடுப்பது எந்த அலசலையும் விட மேல். மூடி இல்லாத பாஞ்சோ அக்சலில் அந்த வசதி கிடையாது, பொறுமைதான்.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். கான் ஓடையில் சேரும், கீழே லயத்துச் சனம் பீலியில் பிடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கலனில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

நிரப்புதல்

ஹைப்பொயிட் டிஃபரன்ஷலுக்கு ஜீஎல்-5 தரம்தான். கியர்பெட்டிக்கு வாங்கிய ஜீஎல்-4 மிச்சமிருக்கிறது என்று இதில் ஊற்றக்கூடாது. மிச்சமான ஜீஎல்-5ஐக் கியர்பெட்டியில் ஊற்றுவதும் அதேபோலத்தான், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை சில கியர்பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கும். கனத்துக்கு 80டபிள்யூ-90 மலைநாட்டுக் குளிருக்குத் தாராளம். ஜனவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிந்தாலும் அதற்கு மெல்லிய ஒயில் தேவைப்படாது. வண்டியின் கையேடு 75டபிள்யூ-90 கேட்டால் அதையே போடுங்கள். பின் டிஃபரன்ஷல் எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும்) வகை என்றால் அதற்குரிய ஒயில் அல்லது சேர்க்கை வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் கிளட்ச் தட்டுகள் கடகடக்கும். அலசலுக்கு மட்டும் சாதாரண ஒயில் பரவாயில்லை.

அளவு வண்டிக்கு வண்டி மாறும். லேண்ட் ரோவர் டிஃபென்டரின் முன் அக்சலுக்கு 1.7 லீற்றர், 90 மொடலின் பின் அக்சலுக்கும் 1.7, சாலிஸ்பரி அக்சலுள்ள 110இன் பின்பக்கம் 2.3. ஒயில் போடும் வகை ஸ்விவல் (முன் சில்லுக்குப் பின்னால் உள்ள உருண்டை) என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.35. இரண்டு அலசலும் கடைசி நிரப்புதலும் சேர்த்தால் 90 ஒன்றுக்கு முன்பின் இரண்டுக்குமாகப் பதினொரு லீற்றர் கைவசம் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மற்ற வண்டிகளுக்கு எந்த எண்ணையும் விட நிரப்பும் துளையே சரியான அளவுகோல். சமதரையில், துளையின் கீழ் விளிம்பால் மெல்ல வழியத் தொடங்கும்வரை. வழிந்ததும் மூடிவிடாமல் பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். ஒயில் குழாய்களுக்குள் பரவி மட்டம் இறங்கியிருக்கும்.

வொஷர் வைத்த பிளக் என்றால் ஒவ்வொரு தரமும் புது வொஷர். டொயோட்டா பின் டிஃபரன்ஷல்கள் பலவற்றுக்கு இறுக்கம் 49 நியூட்டன் மீற்றர். குழாய் போட்டு ஏறி மிதித்து இறுக்குவதால் ஒன்றும் நன்மையில்லை, அடுத்த தரம் கழற்றுபவருக்குத்தான் வினை.

பிரீதரை மேலே கொண்டுபோவது

இந்த வேலையின் முக்கால் பங்கு பலன் இங்கேதான். பிரீதர் அக்சல் குழாயின் மேல்புறம் இருக்கும். சேற்றைத் துடைத்து, கழற்றி, டீசலில் ஊற வைத்து, ஊதிப் பாருங்கள். கழற்றுமுன் சுற்றிலும் சுத்தம் செய்யாவிட்டால் சேறு துளை வழியாக நேரே பெயாரிங்குக்குப் போகும்.

தண்ணீரில் இறங்கும் வண்டிக்குச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, நீட்ட வேண்டும். பழைய பிரீதரைக் கடைக்குக் கொண்டுபோய் அதே புரி உள்ள, ஹோஸ் ஏறும் நிப்பிள் ஒன்றை வாங்குங்கள். புரி அளவு கம்பனிக்குக் கம்பனி வேறு, கண் மதிப்பில் வாங்கினால் ஹவுசிங் புரி போய்விடும். உள்விட்டம் 6 அல்லது 8 மில்லிமீற்றர் எரிபொருள் ஹோஸ், முன் அக்சலுக்கு இரண்டு மீற்றர், பின்னுக்கு மூன்று மீற்றர் அளவில் போதும். முன் ஹோஸை எஞ்சின் அறையின் பின்சுவர் உச்சிக்கு, பின் ஹோஸை டேங்க் மூடிப் பெட்டிக்குள் அல்லது பின்விளக்குக்குப் பின்னால் கொண்டுபோங்கள். நுனியில் முச்சக்கர வண்டிக்குப் போடும் சின்னப் பெற்றோல் ஃபில்டர் ஒன்றைச் செருகினால் தூசியும் குளவிக் கூடும் தொல்லை தராது. வன்-வே வால்வு எதையும் நடுவில் போடாதீர்கள், காற்று இரு பக்கமும் தடையின்றிப் போய்வர வேண்டும்.

ஹோஸ் போகும் பாதையில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. அக்சல் முழுதாகத் தொங்கும் நிலையில் அளக்காமல் கட்டுவதால், முதல் பள்ளத்திலேயே நிப்பிளிலிருந்து ஹோஸ் கழன்றுவிடும். சேஸிக்கும் அக்சலுக்கும் இடையில் ‘யூ’ வடிவத்தில் தொங்கவிட்டால் அந்த வளைவில் நீர்த்துளி தேங்கிக் காற்றை அடைக்கும். சைலன்சர் குழாய்க்கு அருகில் கட்டினால் உருகும். கட்டி முடித்ததும் மேல்நுனியில் வாய் வைத்து ஊதுங்கள். நிரப்பும் பிளக் திறந்திருக்கும்போது காற்று தடையில்லாமல் போனால் சரி.

கியர்பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் பிரீதர் உண்டு. ஒரே நாளில் அவற்றின் ஒயிலையும் பார்த்துவிடுங்கள்.

சீல்கள்

பிரீதரைச் சரிசெய்த பின்னும் தண்ணீர் வந்தால் சீல்தான். பின் சில்லின் உட்பக்கம் ஒயில் வழிந்த தடம், பிரேக் லைனரில் ஒயில் என்றால் அக்சல் சீல். பினியன் சீலை மாற்றும்போது அது ஓடும் ஃப்ளாஞ்சில் நகத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளிப் பொருத்த இடமிருந்தால் அப்படிச் செய்யலாம், இல்லையேல் ஃப்ளாஞ்சை மாற்ற வேண்டும். நசுங்கும் ஸ்லீவ் உள்ள டிஃபரன்ஷலில் பினியன் நட்டை இஷ்டத்துக்கு இறுக்கினால் பெயாரிங் முன்சுமை (பெயாரிங்கை இறுக்கி வைத்திருக்கும் அளவு) கெட்டுவிடும். அந்த வேலை தெரிந்த பாஸிடம் கொடுப்பதே இலாபம்.

முன் அக்சல்

பெரும்பாலான வண்டிகளில் பின் டிஃபரன்ஷலையாவது யாராவது பார்ப்பார்கள், முன்னது அநாதை. ஃப்ரீ வீல் ஹப் (முன் சில்லை அக்சல் தண்டிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்து வைத்து ஓடும்போது முன் டிஃபரன்ஷல் சுற்றுவதே இல்லை. ஒயில் மேலே தெறித்துப் படராது, தண்ணீர் அசையாமல் அடியில் கிடந்து துருவை வளர்க்கும். மாதத்துக்கு ஒருமுறை ஹப்பைப் பூட்டி, கிரவல் ரோட்டில் நாலைந்து கிலோமீற்றர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். தார் ரோட்டில் வேண்டாம், வளைவில் இறுகும்.

டிஃபென்டர், பழைய லேண்ட் குரூசர், ஜிம்னி போன்ற வண்டிகளின் முன் சில்லுக்குப் பின்னால் உருண்டை வடிவ ஸ்விவல் இருக்கும். அதன் துடைப்புச் சீல் தேய்ந்தால் முதலில் அங்கே தண்ணீர் சேரும், பிறகு உள் அக்சல் சீலைத் தாண்டி டிஃபரன்ஷலுக்கு வரும். உருண்டையின் பளபளப்பில் துருக்குழி விழுந்திருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் நிற்காது. கிரீஸ் பழுப்புக் கஞ்சியாக இருந்தால் ஸ்விவலைச் சுத்தம் செய்த பிறகே டிஃபரன்ஷல் ஒயிலை மாற்றுங்கள். முறை மாறிச் செய்தால் புது ஒயில் அடுத்த நாளே கெடும்.

வேலை முடிந்து 500 கிலோமீற்றர் ஓடியதும் இரவு நிறுத்தி, காலையில் ஒரு கோப்பை வடித்துப் பாருங்கள். அதன் பிறகு தென்மேல் பருவம் முடியும் செப்டெம்பரில் ஒரு தரம், ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு தரம் பார்த்தால் போதும். மீமுரே பக்கமோ வேறு ஓடைப் பாதைகளிலோ அடிக்கடி போகும் வண்டிக்கு 10,000 கிலோமீற்றருக்குள் ஒயில் மாற்றம். ஓடைக்கு முன்னால் கால் மணி நேரம் நிறுத்தி அக்சலை ஆறவிட்டு, இறங்கியபின் நடுவில் நிற்காமல் கடந்துவிடுங்கள்.